மரத்தில் வாழும் சிலந்திக்கு ஒரு வீடு

(லண்டனில் தமிழ் வாசகர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டரான்டுலா சிலந்தி வளர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். மரத்தில் வாழும் டரான்டுலாவுக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும், அதற்குள் வீடு அமைத்துக் கொடுப்பதும்தான் அந்தப் பகுதி. நாயும் பூனையும் வீடு பிடிக்கவில்லை என்றால் குரல் கொடுக்கும். வாசலில் போய் நிற்கும். சிலந்திக்குக் குரல் இல்லை. நாம் வைத்த பெட்டிதான் அதன் காடு, மரம், மழை, காற்று எல்லாமே. அந்தப் பெட்டி தவறாக அமைந்தால் அது சாகும். சரியாக அமைந்தால் நாம் செய்ய வேண்டிய வேலை மிகக் கொஞ்சம்.

இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் பிராணிக்கு உரிய இடமும் உணவும் தர வேண்டும் என்று உரிமையாளர் மேல் கடமை சுமத்துகிறது. ஆனால் அந்தச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு மட்டுமே. சிலந்தி அதற்குள் வராது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் சிலந்திக்குப் பாதுகாப்பு, வளர்ப்பவரின் அறிவும் மனச்சாட்சியும்தான். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

முதலில் இந்த உயிரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர், தன் ஐம்பத்திரண்டாம் வயதில், 1699இல், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். பூச்சிகளை உயிரோடு, அவை வாழும் செடியோடு சேர்த்து வரைய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கொய்யாக் கிளை இருக்கிறது. அதில் கருத்த, மயிரடர்ந்த ஒரு பெரிய சிலந்தி ஒரு ஹம்மிங் பறவையைப் பிடித்திருக்கிறது. அந்தப் படத்தைப் பலர் கற்பனை என்று ஒதுக்கினார்கள். 1758இல் லின்னேயஸ் அந்தச் சிலந்திக்குப் பறவையைக் குறிக்கும் பெயரையே வைத்தார். இன்று அதை அவிகுலேரியா அவிகுலேரியா என்கிறோம். அமேசானில் பல ஆண்டுகள் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ், ஒரு பெரிய சிலந்தியிடம் சிறு குருவிகள் அகப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாக 1863இல் எழுதிய பிறகுதான் மேரியனின் ஓவியத்துக்கு நியாயம் கிடைத்தது. பறவை அதற்கு அபூர்வ உணவுதான். பெரும்பாலும் பூச்சிகளையே தின்னும்.

மேரியனின் படத்தில் சிலந்தியை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கிளை. சிலந்தியை அது வாழும் மரத்தோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். பெட்டி அமைப்பவரும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அவிகுலேரியா கயானா நாடுகளிலும் பிரேசிலிலும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழ்கிறது. கறுப்பு உடல், கால் நுனிகளில் மட்டும் இளஞ்சிவப்பு. கால்களை விரித்தால் பெரிய சிலந்தி 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். மார்டினிக் தீவில் இதன் உறவினம் ஒன்று உண்டு. குஞ்சாக இருக்கும்போது பளிச்சென்ற நீலம். வளர்ந்தபின் பச்சையும் சிவப்பும் கலந்த உடல். வெகுகாலம் அவிகுலேரியாவில் சேர்த்து எண்ணப்பட்ட அதை, பிரேசில் ஆய்வாளர்கள் ஃபுகுஷிமாவும் பெர்டானியும் 2017இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இன்று அதன் பெயர் கரிபெனா வெர்சிகலர். கடைகளில் மரச் சிலந்தி என்று நீங்கள் முதலில் பார்க்கப் போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இவற்றின் உடலில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாதம். கால் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஆயிரக்கணக்கில் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் பிடியால் வழுவழுப்பான கண்ணாடியிலும் செங்குத்தாக ஏறும். ஆகவே பெட்டியின் தரையை விடச் சுவரும் உயரமும்தான் அதற்கு நிலம். இரண்டு, மூச்சு. வயிற்றின் அடிப்பக்கத்தில் நான்கு புத்தக நுரையீரல்கள் இருக்கின்றன. மெல்லிய ஏடுகள் அடுக்கியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். நம்மைப் போல் நெஞ்சை விரித்துச் சுருக்கிக் காற்றை உள்ளே இழுக்கும் அமைப்பு அதற்கு இல்லை. பெட்டிக்குள் நிற்கும் காற்று எதுவோ, அதுதான் அந்த ஏடுகளுக்கு இடையில் போகும். காற்று தேங்கிப் புழுங்கினால் சிலந்தியால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இங்கேதான் இந்தத் துறையில் வெகுகாலம் நீடித்த ஒரு தவறான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மழைக்காட்டுச் சிலந்தி என்றதும், 80 சதவீத ஈரப்பதம் வேண்டும், நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரம் போகாமலிருக்கப் பெட்டியை இறுக்கி மூட வேண்டும் என்று குறிப்புக்குக் குறிப்பு அச்சடித்தார்கள். அதைப் பின்பற்றிய வீடுகளில் அவிகுலேரியாக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நேற்று வரை இரை பிடித்த குஞ்சு மறுநாள் கால் மடங்கிக் கிடக்கும். இதற்கு வளர்ப்போர் ஒரு நோயின் பெயரைப் போலவே பெயரும் சூட்டி, இந்த இனமே நொய்ந்தது என்று முடிவு கட்டினார்கள். சுவரில் நிறையத் துளை போட்டு, தெளிப்பதைக் குறைத்து, அடிமண்ணை ஓரளவு உலரவிட்டவர்களிடம் அதே குஞ்சுகள் பிழைத்தன. இன்று அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: மரச் சிலந்திக்கு முதலில் காற்று, அதன்பிறகே ஈரம்.

மழைக்காடு ஈரமான இடம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஈரமான இடம்தான். ஆனால் அங்கே மரக்கிளையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மழை பெய்து இலை நனைகிறது. சற்று நேரத்தில் வெயிலும் காற்றும் அதை உலர்த்திவிடுகின்றன. ஈரத்துணியை வாளியில் போட்டு மூடினால் இரண்டாம் நாள் நாறும். அதே துணியைக் கொடியில் விரித்தால் காய்ந்து மணக்கும். இரண்டிலும் இருந்த தண்ணீர் ஒன்றே. பழைய குறிப்புகள் காட்டின் தண்ணீரை மட்டும் பெட்டிக்குள் கொண்டுவந்தன. காற்றைக் கொண்டுவரவில்லை.

இனி, பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் வடிவம். தரையில் வளை தோண்டும் டரான்டுலாவுக்கு அகலமும் ஆழமான மண்ணும் வேண்டும். உயரம் கூடாது, விழுந்தால் வயிறு கிழியும். மரச் சிலந்திக்கு இதற்கு நேர்மாறாக, அகலத்தை விட உயரம் கூடிய பெட்டி வேண்டும். வளர்ப்போர் கையாளும் கணக்கு இது: தரையின் அகலம் சிலந்தியின் கால்விரிப்பைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும், உயரம் குறைந்தது மூன்று மடங்கு. முழு வளர்ச்சி பெற்ற அவிகுலேரியாவுக்கு 30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 45 உயரம் உள்ள பெட்டி போதும். எக்ஸோ டெர்ரா போன்ற நிறுவனங்கள் இதே அளவில் கண்ணாடிப் பெட்டி விற்கின்றன. இன்னும் பெரிதாக வாங்கினால் கெடுதல் இல்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. காட்டில் இது உலாவித் திரியும் உயிரன்று. தன் பட்டுக்குழாயைக் கட்டிக்கொண்டு, இரவில் அதன் வாசலில் காத்திருந்து, பக்கத்தில் வந்ததைப் பிடிக்கும்.

குஞ்சுக்கு நேராகப் பெரிய பெட்டி வேண்டாம். கால்விரிப்பு 2 சென்டிமீட்டர் உள்ள குஞ்சை 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் விட்டால், அது இரை தின்றதா, தண்ணீர் குடித்ததா, தோலுரித்ததா என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். 5 அல்லது 6 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒளி ஊடுருவும் டப்பா போதும். கால்விரிப்பு 5 சென்டிமீட்டரைத் தொடும்போது, 10 சென்டிமீட்டர் அகலமும் 15 உயரமும் உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். ஆயுள் முழுக்க இரண்டு அல்லது மூன்று முறை வீடு மாற்றினால் போதும்.

அடுத்து, கதவு. வாங்குபவர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இதைத்தான். மரச் சிலந்தி பெட்டியின் மேல்பகுதியில்தான் வலை கட்டும். மேல் மூடியைத் திறக்கும் பெட்டி என்றால், நீங்கள் தண்ணீர் ஊற்றத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வீட்டுக் கூரையைப் பிய்க்கிறீர்கள். கூரை பிய்ந்த சிலந்தி மேல்நோக்கித்தான் ஓடும். மேலே உங்கள் கை இருக்கும். ஆகவே முன்பக்கம் திறக்கும் கதவுள்ள பெட்டியைத் தேடுங்கள். கதவின் கீழ்விளிம்பு அடிமண்ணுக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் மண் சரிந்து கதவு மூடாது. குஞ்சு டப்பாக்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. டப்பாவைத் தலைகீழாக்குங்கள். மூடி கீழே போகும். அதன்மேல் மண் இருக்கும். குஞ்சு மேலே வலை கட்டும். பராமரிக்கும்போது டப்பாவின் மேற்பகுதியைக் குஞ்சோடும் வலையோடும் மெதுவாகத் தூக்கினால், கீழே மண்ணையும் தண்ணீரையும் கவனிக்கலாம்.

மூன்றாவது, காற்றோட்டம். மூடியில் மட்டும் துளை இருந்தால் போதாது. ஒரு சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு வரிசைத் துளைகள். எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் இன்னொரு வரிசை. வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே எழுந்து வெளியேறும். அதன் இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும். விசிறி வேண்டியதில்லை, தானே நடக்கும். கண்ணாடிப் பெட்டி வாங்கினால், முன்கதவுக்குக் கீழே காற்றுப்பட்டையும் மேலே வலைமூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டும் சேர்ந்து இதே வேலையைச் செய்யும். அக்ரிலிக் பெட்டியில் நீங்களே துளையிடலாம்.

துளையின் அளவில் கவனம் வேண்டும். டரான்டுலாவின் வயிறு மெத்தென்றது, நசுங்கிக்கொடுக்கும். முன்னுடலின் மேல் உள்ள கெட்டியான ஓடு நுழையும் இடைவெளியில் சிலந்தி முழுவதும் நுழைந்துவிடும். எனவே எந்தத் துளையும் அந்த ஓட்டை விடச் சிறியதாக இருக்க வேண்டும். குஞ்சு என்றால் ஊசியைச் சூடாக்கிப் போடும் துளையே சரி. கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கத்தில் மின்கம்பி செலுத்த விட்டிருக்கும் வாய்களையும், இழுகதவுகளின் நடுவே உள்ள இடுக்கையும் மறந்துவிடாதீர்கள். உலோக வலைமூடியில் சிலந்தியின் கால்நகம் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்த வலையை எடுத்துவிட்டுத் துளையிட்ட அக்ரிலிக் தகடு பொருத்திக்கொள்பவர்கள் பலர். எனக்கும் அதுவே விருப்பம்.

பெட்டி வந்துவிட்டது. உள்ளே என்ன வைப்பது? இதற்கு மரச் சிலந்திகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவிகுலேரியா, கரிபெனா போன்றவை இலைகளையும் கிளைகளையும் பட்டுநூலால் இழுத்துக் கட்டிக் குழாய் அமைப்பவை. இவற்றுக்கு நூல் கட்ட நிறையப் பிடிமானம் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொய்சிலோதீரியா இனங்கள் மரப்பொந்திலும் பட்டைவெடிப்பிலும் ஒடுங்குபவை. அவற்றுக்கு இருண்ட, குறுகிய பொந்து வேண்டும். எந்தச் சிலந்தி வரப்போகிறது என்று தெரியாமல் பெட்டியை அலங்கரிக்கத் தொடங்கினால் அது நம் கண்ணுக்காகச் செய்த அலங்காரமாகவே நின்றுவிடும்.

அவிகுலேரியாவுக்கு நான் அமைக்கும் முறையைச் சொல்கிறேன். அடியில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோகோபீட், அதாவது நம் தேங்காய் மட்டையிலிருந்து வரும் நார்த்தூள். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அடுத்தது கார்க் மரப்பட்டை. ஈரத்தில் எளிதில் அழுகாது, எடை குறைவு, சொரசொரப்பு அதிகம். உயரமான ஒரு துண்டை, பெட்டியின் பின்மூலையில், சுவரில் சாய்ந்தாற்போல் நிறுத்துங்கள். அடிப்பகுதி மண்ணில் புதையட்டும். மேல்பகுதியைச் சிலிகான் பசையால் ஒட்டலாம், பசை முழுவதும் காய்ந்து வாடை போன பிறகே சிலந்தியை விட வேண்டும். பட்டை ஆடினால் என்றாவது ஒருநாள் சரிந்து சிலந்தியை நசுக்கும். கையால் அசைத்துப் பார்த்து, அசையாது என்று உறுதியான பிறகே அடுத்த வேலை.

பட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இலைகளைச் செருகுங்கள். துணி அல்லது பிளாஸ்டிக் இலைக்கொத்து போதும். உயிருள்ள செடி வேண்டுமென்றால் மணிபிளான்ட் தாங்கும். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி நுழையும் சந்து இருக்க வேண்டும். அந்தச் சந்தின் வாயை இலைகள் மறைக்க வேண்டும். அங்கேதான் அது குழாய் கட்டும். இவை எல்லாவற்றையும் பின்பக்கத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், முன்கதவில் அது நூல் கட்டக் கூடாது என்பதே. பின்னால் நல்ல மறைவு கிடைத்தால் முன்னால் வந்து வீடு கட்டாது.

பொய்சிலோதீரியாவுக்குப் பட்டைத் துண்டுக்குப் பதிலாகக் கார்க் குழல் வேண்டும். சிலந்தி உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு அகலம் போதும். அதைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்முனையை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். இவற்றின் குஞ்சுகள் பட்டையின் அடியிலிருந்து மண்ணுக்குள்ளும் தோண்டிக்கொள்ளும் என்பதால் மண்ணை இன்னும் சற்று ஆழமாக இடலாம்.

தண்ணீர். மரச் சிலந்தி தரைக்கு இறங்காது, கிண்ணம் வீண் என்று சிலர் சொல்வார்கள். இரவில் இறங்கிக் குடிக்கும். அகலம் குறைந்த, கவிழாத கிண்ணம் ஒன்றை மூலையில் வைத்து எப்போதும் நிரப்பியே வையுங்கள். பஞ்சு போட வேண்டாம், அழுக்குதான் சேரும். குஞ்சு டப்பாவில் கிண்ணத்துக்கு இடம் இருக்காது. அங்கே சில நாளுக்கு ஒருமுறை சுவரிலும் இலையிலும் ஒன்றிரண்டு துளி விட்டால் வந்து குடிக்கும். சிலந்தியின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். அதன் பட்டுக்குழாயை நனைத்து நசநசக்க விடாதீர்கள்.

நம் லண்டன் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் வெளியே உள்ள குளிர்காற்று உள்ளே வந்து, ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடேறும்போது, அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பதறி, துளைகளை டேப் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அடிமண்ணில் ஒரு பாதியை மட்டும் நனையுங்கள், மறுபாதி உலர்ந்தே இருக்கட்டும். கிண்ணத்தை நிரப்புங்கள். அந்த ஈரம் எழுந்து மேலே போய் வெளியேறும் வழியில் சிலந்தியைக் கடந்துதான் போகும். சுவரில் நீர்முத்துக்கள் காலை முதல் மாலை வரை நின்றால் காற்று போதவில்லை என்று பொருள். மண்ணில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தாலும் அதே பொருள்தான். எண் காட்டும் கருவியை விட இந்த இரண்டு அடையாளங்களையும் நான் நம்புகிறேன்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் ஸ்வெட்டர் இல்லாமல் உட்காரக்கூடிய அறையில் அதுவும் நலமாக இருக்கும். அறை மிகவும் குளிர்ந்தால் அறையைச் சூடாக்குங்கள். ஹீட் மேட் வைத்தே ஆக வேண்டுமென்றால், தெர்மோஸ்டாட் பொருத்தி, பெட்டியின் வெளிச்சுவர் ஒன்றில் வையுங்கள், அடியில் வேண்டாம். விளக்கு தேவையில்லை. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடிப் பெட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். கோடைக்காலத்தில் மிகக் குறைந்த நேரத்திலேயே உள்ளே இருக்கும் உயிர் வெந்துவிடும். கொசு மருந்து, கரப்பான் மருந்து, நாய் பூனைக்குத் தடவும் தெள்ளுப்பூச்சி மருந்து ஆகியவை சிலந்திக்கும் நஞ்சு. அந்த மருந்தைத் தொட்ட கையால் பெட்டியைத் தொடக் கூடாது.

சிலந்தியை உள்ளே விட்ட பிறகு, பெட்டி சரியாக அமைந்திருக்கிறதா என்பதை அதனிடமே கேட்க வேண்டும். முதல் சில நாட்கள் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். அது இயல்பு. பின்னர் இலைகளுக்கு நடுவே நூல் தென்படத் தொடங்கும். குழாய் உருவானதும் கவலையை விடுங்கள். பல வாரங்கள் கழிந்த பின்பும் நூல் கட்டாமல் இரவெல்லாம் சுற்றினால் மறைவு போதவில்லை. மரச் சிலந்தி பகலில் தரையில் குந்தியிருந்தால் உடனே கவனியுங்கள். தண்ணீருக்குத் தவிக்கிறதா, மேலே புழுங்குகிறதா என்று பாருங்கள்.

பெட்டி நன்றாக அமைந்துவிட்டால் நீங்கள் சிலந்தியை அடிக்கடி பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம் தரும். ஆனால் ஒளிந்திருப்பதுதான் அதன் நலம். குழாய்க்குள் இருந்துதான் அது தோலுரிக்கும். அந்த நேரத்தில் அதன் உடல் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். இரையாகப் போட்ட சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். குழாயின் வாயை நூலால் அடைத்துக்கொண்டு உணவை மறுத்தால், கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். தின்னாமல் விட்ட பூச்சியை மறுநாளே எடுத்துவிடுங்கள். அவிகுலேரியா அஞ்சும்போது மலத்தைப் பீய்ச்சி அடிக்கும். சுவரில் வெள்ளைத் திட்டுகள் படிவது அதனால்தான். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், சோப்பு வேண்டாம். பட்டு நூலை மட்டும் அழுக்கு என்று நினைத்துக் களையாதீர்கள். அது சிலந்தி தன் உடலிலிருந்து செலவழித்துக் கட்டிய வீடு.

பெற்றோருக்கு ஒரு சொல். பெட்டிக்குப் பூட்டு வையுங்கள். அவிகுலேரியா சாதுவானது, ஆனால் அதன் வயிற்றில் உள்ள முடிகள் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் துன்பம். பொய்சிலோதீரியாவுக்கு அந்த முடி இல்லை. அதற்குப் பதில் வேகமும் நஞ்சும் உண்டு. கடித்தால் பல நாள் நீடிக்கும் தசைப்பிடிப்பு வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது பொருத்தமான உயிரன்று. எந்த டரான்டுலாவையும் கையில் ஏந்தி விளையாட வேண்டாம். அதற்கு அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை.

பொய்சிலோதீரியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நம் ஊர்ச் சிலந்தி. இராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்டறியப்பட்ட ஓர் இனத்துக்கு, அந்தக் கோயிலின் பெயரையே வைத்து 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா என்று பெயரிட்டார். அது கடலுக்கு அப்பால் மன்னாரிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. வன்னியில் மாங்குளத்தில் கிடைத்த ஒன்றுக்கு, வடக்கில் ஆய்வுக்குழுவுக்குத் துணைநின்ற பொலிஸ் அதிகாரி மைக்கல் ராஜகுமார் புராஜாவைச் சிறப்பிக்கும் வகையில், 2012இல் பொய்சிலோதீரியா ராஜேயி என்று பெயரிட்டார்கள். அதைப் பழைய மரங்களிலும், மாங்குளம் மருத்துவமனையின் மருத்துவர் விடுதியிலும் கண்டார்கள். பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட, பொந்து தேடி மனிதர் கட்டடத்துக்குள் வரும் சிலந்தி அது.

ஆந்திரத்தில் இன்னொன்று. உடல் முழுக்க நீலம் மின்னும் பொய்சிலோதீரியா மெட்டாலிகா 1899இல், கூட்டி என்ற ஊரின் ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு பெண் சிலந்தியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பிறகு, 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அதை மீண்டும் கண்டார்கள். நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் எஞ்சியிருக்கும் அது, மிகவும் அழியும் நிலையில் உள்ளதாக 2008இல் பட்டியலிடப்பட்டது. இராமேஸ்வரத்துச் சிலந்தியின் நிலையும் அதுவே. பொய்சிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல், அழியும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவும் 2022இல் தன் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியல் உயிர்களை அதற்குள் கொண்டுவந்தது. ஊருக்குப் போகும்போது தோப்பில் ஒரு பெரிய சிலந்தியைக் கண்டால் பாருங்கள், படம் எடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிடித்துவர நினைக்காதீர்கள். அதற்குரிய பெட்டியை நம்மால் செய்ய முடியாது. அந்த மரம்தான் அதன் பெட்டி. அந்த மரத்தை வெட்டவிடாமல் காப்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய வீடு.

இங்கே வளர்க்க ஆசைப்படுபவர்கள், வளர்ப்பில் பிறந்த குஞ்சு என்று விற்பவர் உறுதியாகச் சொன்னால் மட்டுமே வாங்குங்கள். தாய் யார், எப்போது பொரித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். சிலந்தி வாங்குவதற்கு முன் பெட்டியை வாங்குங்கள். நான் சொன்னபடி எல்லாவற்றையும் அமைத்து, சிலந்தி இல்லாமலே இரண்டு வாரம் வைத்திருங்கள். நாள்தோறும் பாருங்கள். மண் எத்தனை நாளில் உலர்கிறது, சுவரில் நீர் நிற்கிறதா, எந்த நேரத்தில் வெயில் எட்டிப் பார்க்கிறது, பட்டை அசைகிறதா என்று குறித்து வையுங்கள். தவறு இருந்தால் திருத்துவதற்கு அதுதான் நேரம். அப்போது எந்த உயிரும் அதற்கு விலை கொடுக்காது. பெண் அவிகுலேரியா பத்தாண்டு வரை வாழக்கூடியது. நீங்கள் பள்ளி முடித்து, பல்கலைக்கழகம் போய், வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதற்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். வெறும் பெட்டியை இரண்டு வாரம் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் அந்தப் பத்தாண்டையும் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பொறுமை இல்லை என்று தெரிந்தால், சிலந்தி வாங்காமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் நன்மை.